மாமனார் வீட்டுக் கூரை ஜன்னல்

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி ஒன்றின் மாடியில் ஒரு வரைபட ஆபீஸ் இருந்தது. கீழே நாள் முழுக்க மூட்டைகளை எடை போட்டார்கள். மேலே வேலை பார்த்தவர்களின் மூளையை மட்டும் யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோத்தகிரியில் ஒரு நல்ல கூரை பிழைத்திருக்கும்.

ஆபீஸில் மூன்று பேர். மூத்தவன் சென்னியப்பன். பாலிடெக்னிக்கில் அவன் தேறியதற்குக் காரணம், அவனை இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ள வாத்தியார்களுக்குத் தெம்பு இல்லாததுதான். இதை அவனே எல்லோரிடமும் சொல்வான். தன்னைப் பற்றி அவனுக்கு எந்த மயக்கமும் கிடையாது. "எனக்கு அறிவு கம்மிங்க. ஆனா இருக்கறதைச் செலவு பண்ணாம பத்திரமா வெச்சிருக்கேன்" என்பான். அடுத்தவள் கோகிலவாணி. கம்ப்யூட்டர் திரையில் வரும் ஆங்கிலத்தைத் தமிழில் எடுத்துச் சொல்வது அவள் பொறுப்பு. மூன்றாமவன் அங்குராஜ். எதையும் டேப் வைத்து அளந்து பார்க்காமல் நம்ப மாட்டான்.

முதலாளி தெய்வசிகாமணி காசிக்குக் கிளம்பும்போது மூவரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்: "சொன்னதைச் சொன்னபடி செய்யுங்க. உங்க சொந்த மூளையை எதுக்கும் உபயோகிக்க வேண்டாம்." ரொம்ப நாளாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது என்பதால் இந்த உத்தரவு யாருக்கும் சிரமமாக இல்லை.

அவர் ரயில் ஏறிய சூட்டோடு ஒரு வேலை வந்தது. கொடுத்தவர் சென்னியப்பனின் மாமனார் குழந்தைசாமி. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பஸ்ஸையும் ஒரு மனுஷனையும் நேரத்துக்கு வருவதை வைத்துத்தான் மதிப்பார். சென்னியப்பன் தன் கல்யாணத்துக்கே முகூர்த்தம் தாண்டி வந்தவன். அதனால் பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அவர் மருமகனை மாப்பிள்ளை என்று அழைத்ததில்லை. "கம்ப்யூட்டர் தம்பி" என்றுதான் கூப்பிடுவார். பந்தியில் எல்லோர் முன்னாலும் "கம்ப்யூட்டர் தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க" என்பார். சாம்பார் அவன் தொண்டையில் இறங்காது.

அவர் வீடு சரிவான ஓட்டுக் கூரை போட்டது. கூரைக்கு அடியில் ஒரு மச்சு அறை இருந்தது. அது ஒரே இருட்டு. அங்கே ஈசிசேரில் உட்கார்ந்தபடி கீழே ரோட்டில் போகும் பஸ்ஸெல்லாம் நேரத்துக்குப் போகிறதா என்று பார்க்க அவருக்கு ஆசை. அதற்குக் கூரையில் ஒரு ஜன்னல் வேண்டும். டார்மர் என்பார்கள். ஓட்டுச் சரிவின் நடுவே சின்னச் சுவரும் சின்னக் கூரையுமாக ஒரு குட்டி வீடு எழும்பி நிற்கும். அதன் முகத்தில் ஜன்னல் இருக்கும். அதற்கு அடியில் பெரிய கூரையில் ஓட்டை போட்டுவிட்டால் அறைக்குள் வெளிச்சம் வரும்.

சென்னியப்பனின் மனைவி தாரணி அப்பாவிடம் பேசிவிட்டு வந்து சொன்னாள்: "இந்த ஒரு ஜன்னலை ஒழுங்காப் போட்டுக் குடுத்தீங்கன்னா உங்களை மாப்பிள்ளைன்னு கூப்பிடறாராமா." சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக அவன் கூரையில் என்ன, மலையிலேயே ஜன்னல் வைக்கத் தயாராக இருந்தான்.

மூவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். கட்டடத்தை அப்படியே வரைந்து காட்டும் சாப்ட்வேர் அது. சுவர் எழுப்பினார்கள், ஓட்டுக் கூரை போட்டார்கள், அதன் மேல் குட்டி வீட்டை நிறுத்தி ஜன்னலும் வைத்தார்கள். அதுவரைக்கும் அவர்களுக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. கடைசியாகப் பெரிய கூரையில் ஓட்டை போடப் போனபோது சாப்ட்வேர் மாட்டேன் என்றுவிட்டது. திரையில் சிவப்பாக ஏதோ வந்தது.

கோகிலவாணி அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னாள்: "ஓட்டை போட முடியாதுங்குது."

"ஏனாமா?"

"காரணம் சொல்லியிருக்குது. ஆனா அது இங்கிலீஷ்ல இருக்குது."

இதற்கு மேல் யோசித்தால் சொந்த மூளையை உபயோகித்தது போல ஆகிவிடும் என்பதால், சென்னியப்பன் சாப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டான். ரெஜினா என்ற பெண் எடுத்தாள். குரலில் பொறுமை இருந்தது. அது அப்போது.

"கூரையைத் தவிர மத்த எல்லாத்தையும் மறைச்சுட்டுப் பாருங்க சார். எங்க தப்புன்னு தெளிவா தெரியும்" என்றாள்.

மறைத்தார்கள். சுவர் போயிற்று, தரை போயிற்று, படிக்கட்டு போயிற்று. கூரை மட்டும் திரையின் நடுவில் அந்தரத்தில் நின்றது. மூவரும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

"கூரை எதும்மேல நிக்குது?" என்று அங்குராஜ் கேட்டான்.

"காத்துல."

"காத்துல எத்தனை நேரம் நிக்கும்?"

"மறைச்சுத்தான வெச்சிருக்கோம், இடிக்கலியே" என்றாள் கோகிலவாணி.

"இடிச்சிருந்தாலும் இப்படித்தானுங்க தெரியும்" என்றான் அங்குராஜ்.

அதில் நியாயம் இருப்பதாகச் சென்னியப்பனுக்குப் பட்டது. அவனுக்கு அடுத்தவர்கள் சொல்வதில் எல்லாம் நியாயம் இருப்பதாகத்தான் படும். சொந்தமாக ஒன்று இருந்தால்தானே எதிர்த்துப் பேச. மறைத்ததைத் திரும்பக் கொண்டுவர அவனுக்கு வழி தெரியவில்லை. நடந்தது நடந்துவிட்டது, மாமனாரிடம் நாமே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று போனை எடுத்தான்.

"மாமா, வீடு இருக்குதுங்களா?"

"எந்த வீடு?"

"உங்க வீடுதானுங்க."

"நான் வீட்டுக்குள்ள உக்காந்துதான் பேசிட்டிருக்கறேன்."

"சுவரெல்லாம் பத்திரமா இருக்குதுங்களா? ஒருக்கா தொட்டுப் பாத்துச் சொல்லுங்க மாமா."

மாமனார் எழுந்து போய்த் தொட்டார். டைம் கீப்பராக இருந்தவர், சொன்ன வேலையைச் சரிபார்க்காமல் விட மாட்டார். "நாலு பக்கமும் இருக்குது" என்றார். சென்னியப்பன் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டபோது மறைந்ததெல்லாம் தானாகத் திரும்பி வந்தது. வீட்டைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் மூவரும் கீழே போய் டீ குடித்தார்கள்.

ஓட்டை மட்டும் விழவில்லை. மறுபடி ரெஜினா.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. கீழ இருந்து மேல பாருங்க. குட்டிக் கூரையும் பெரிய கூரையும் சேர்ற இடம் அங்கேர்ந்துதான் நல்லா தெரியும்."

சொன்னதைச் சொன்னபடி செய்யத்தானே உத்தரவு. கோகிலவாணியும் சென்னியப்பனும் மானிட்டரைத் தூக்கி இரண்டு மேஜைக்கு நடுவே பாலம் போல வைத்தார்கள். பிறகு மூவரும் அதற்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து மண்டிக்காரர் குடிக்கத் தண்ணீர் கேட்டு மேலே வந்தார். வாசலில் நின்று பார்த்தார். தாகம் அடங்கிவிட்டது போல. வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

"என்ன தெரியுது சார்?" என்றாள் ரெஜினா போனில்.

"ஓட்டை தெரியுதுங்க மேடம்."

"பாருங்க, நான் சொன்னேன்ல."

"ஒண்ணு இல்லீங்க. வரிசையா சின்னச் சின்னதா நெறைய இருக்குதுங்க."

ரெஜினா கொஞ்சம் யோசித்தாள். "எதுல சார்?"

"மானிட்டருக்கு அடியிலதானுங்க. சூடு போறதுக்கு விட்டிருக்கறாங்க."

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு அவள் சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்டும் குரலில் சொன்னாள்: "ஓட்டையோட விளிம்புக் கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கணும் சார். எங்கயும் இடைவெளி இருக்கக் கூடாது. இடைவெளி இருந்தா சாப்ட்வேர் அறுக்காது. முதல்ல இடைவெளியை எல்லாம் மூடுங்க."

அவள் சொன்னது விளிம்பில் இருக்கும் இடைவெளியை. நம் ஆட்களுக்கு எங்கும் என்றால் எங்கும்தான். திரையிலேயே வீட்டைச் சுற்றி வந்து தேடினார்கள். ஏகப்பட்ட இடைவெளி இருந்தது. வாசல் கதவு ஒரு பெரிய இடைவெளி. பின்கதவு இன்னொன்று. சமையலறை ஜன்னல், குளியலறை வென்டிலேட்டர், புகை போகும் கூண்டு எல்லாமே இடைவெளிதான். கூரை ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்து அங்கே சுவர் வைத்து அடைத்தார்கள்.

"இப்ப மாமா உள்ள போறது எப்படிங்க?" என்று அங்குராஜ் கேட்டான்.

மூவரும் தீவிரமாக யோசித்தார்கள்.

"கூரை ஜன்னல் வழியா எறங்கிக்கட்டும்" என்றாள் கோகிலவாணி. "அதுக்கு வெளியில ஒரு ஏணி வெச்சுக் குடுத்தர்லாம்."

"ஜன்னலுக்கு அடியிலதான் ஓட்டை விழலியே. எறங்கினா கூரை மேலயே நிப்பாரு."

"அப்ப அவரு முதல்லயே உள்ள இருந்துக்கோணும்."

"அவரு எப்பவும் உள்ளதான் இருக்கறாரு" என்று சென்னியப்பன் முடித்து வைத்தான். தன் வாயிலிருந்து ஒரு தீர்ப்பு வந்துவிட்டதே என்று அவனுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஓட்டை போடு என்று அமுக்கியதும் அதே சிவப்பு எழுத்து வந்தது.

இதற்கிடையே மாமனார் தினமும் போன் செய்தார். "கம்ப்யூட்டர் தம்பி, ஜன்னல் எந்த ஸ்டாப்புல வருது?" என்பார். சென்னியப்பன் "கெளம்பிருச்சுங்க மாமா" என்பான். போனை வைத்த பிறகு தன்னைத்தானே ஒரு பாட்டம் திட்டிக்கொள்வான். இந்தத் தலையைத் தோளுக்கு மேல் வைத்திருப்பதே சட்டை கழன்று விழாமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொள்வான். மாப்பிள்ளை என்ற சொல் மலை ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியாக ரெஜினாவிடம் கேட்டபோது அவள் குரலில் ஈரம் வற்றியிருந்தது. "நீங்க நேரா சைட்டுக்கே போய்ப் பாருங்க சார். அளவெல்லாம் சரியா எடுங்க. நிஜத்துல என்ன இருக்குதோ, அதுதானே கம்ப்யூட்டர்ல வரணும்?"

போனை வைத்ததும் ஆபீஸில் ஒரு புது வெளிச்சம் பரவியது. அங்குராஜ்தான் முதலில் வாய் திறந்தான்.

"அண்ணா, நிஜத்துல இருக்கறதுதான் கம்ப்யூட்டர்ல வருமாம். உங்க மாமனார் வீட்டுக் கூரையில நிஜத்துல ஓட்டை இருக்குதுங்களா?"

"இல்லியே."

"பின்ன கம்ப்யூட்டர்ல எப்படி வரும்?"

சென்னியப்பனுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. இத்தனை நாளாக அந்த இயந்திரம் பொய் சொல்ல மறுத்திருக்கிறது. இல்லாத ஓட்டையை இருப்பதாகக் காட்டச் சொல்லி அதை வற்புறுத்தியிருக்கிறார்கள். கோகிலவாணி மானிட்டர் மேல் இருந்த தூசியைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டது போலத்தான் இருந்தது.

ஓட்டையின் அளவு தெரிய வேண்டுமே. அங்குராஜ் குட்டி வீட்டின் ஜன்னலைத் திரையில் பெரிதாக்கினான். பெரிதாக்கிக்கொண்டே போனான். ஜன்னல் திரை முழுக்க நிறைந்ததும் இதற்கு மேல் இது வளராது என்று டேப்பை மானிட்டர் கண்ணாடி மேலேயே வைத்து அளந்து குறித்துக்கொண்டான்.

மறுநாள் காலை மூவரும் கோத்தகிரி போனார்கள். மாமனார் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். மச்சு அறைக்கு ஏறி, ஓடுகளைக் கழற்றி, குறுக்கே இருந்த சட்டங்களை ரம்பத்தால் அறுத்து, அளவு பிசகாமல் ஓட்டை போட்டார்கள். அந்த ஆபீஸ் அதுவரை செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான்.

மாமனார் அண்ணாந்து பார்த்தார். "வானம் தெரியுது. ஜன்னலைக் காணோமே?"

"ஜன்னல் கம்ப்யூட்டர்ல தயாரா இருக்குதுங்க மாமா. ஓட்டைதான் அங்க இல்லாம இருந்துச்சு. அதை இங்க போட்டாச்சு."

மாமனார் இதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அப்பாவின் இந்தப் புத்தி மகள் தாரணிக்கு எப்படி வராமல் போயிற்று என்பது வேறு கதை.

மேட்டுப்பாளையம் திரும்பி ஆவலாகக் கம்ப்யூட்டரைப் போட்டார்கள். கூரையில் ஓட்டை இல்லை. போன் மணி அடித்தது. கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டதாம். மாமனார் ஈசிசேரைத் தள்ளிப் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டாராம். ஜன்னல் வரும் இடம் இதுதான் என்று குடையை விரித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாராம். தாரணியின் அம்மா அழுதுகொண்டே சொன்னாள்.

சென்னியப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு. இனி என்னைக் கம்ப்யூட்டர் தம்பின்னுகூடக் கூப்பிட மாட்டாரு."

"பதறாதீங்கண்ணா" என்றாள் கோகிலவாணி. "வேலை முடிஞ்சிருச்சு. பிரிஞ்சு கெடக்குது, அவ்வளவுதான். ஓட்டை அங்க இருக்குது, ஜன்னல் இங்க இருக்குது."

"ஓட்டையை இங்க எடுத்துட்டு வர முடியாது" என்றான் அங்குராஜ். "அதைத் தொட்டா பெருசாயிரும்."

"அப்ப ஜன்னலை அங்க கொண்டுபோகோணும்."

ஜன்னலைக் கொண்டுபோவது என்றால் கம்ப்யூட்டரைக் கொண்டுபோவது. மானிட்டரையும் பெட்டியையும் பேட்டரியையும் சுமந்து பஸ் ஏறினார்கள். கூட்டத்திலும் மானிட்டருக்கு ஜன்னலோர ஸீட் கொடுத்தான் சென்னியப்பன். வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தால் ஜன்னல் என்பது என்னவென்று அதற்கும் கொஞ்சம் புரியட்டுமே என்று நினைத்தான்.

மச்சு அறையில் மாமனார் குடைக்குள் இருந்தார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. முகத்தைப் பார்க்கும் தைரியம் சென்னியப்பனுக்கு இல்லை. மானிட்டரைத் திரை உள்பக்கம் பார்க்கும்படி ஓட்டையில் வைத்தார்கள். அளந்து போட்ட ஓட்டையாயிற்றே, கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. வெளியே பாலிதீன் கவரைப் போர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். மழை ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. மாமனார் குடையை மடக்கினார்.

கோகிலவாணி ஸ்விட்சைப் போட்டு, குட்டி வீட்டுக்குள் கண்ணை வைத்து ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பது போலக் காட்சியைத் திருப்பினாள். அறை பளிச்சென்று ஆயிற்று. ஜன்னல் சட்டம் தெரிந்தது. அதற்கு அப்பால் பச்சைப் புல், இரண்டு மரம், நீல வானம், நல்ல வெயில். ஆள் உயரம் தெரிவதற்காகச் சாப்ட்வேரே நிறுத்தி வைத்திருக்கும் ஒரு பெண் புல்லின் மேல் கைப்பையோடு நின்றிருந்தாள்.

மாமனார் வெகுநேரம் பார்த்தார். கோத்தகிரியில் மூன்று மாசமாக அவர் வெயிலைப் பார்த்ததில்லை. ஓட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலில் வெயில் அடித்தது.

"அந்தம்மா யாருங்க?" என்று கேட்டார்.

"சாப்ட்வேர் கூடவே வர்றவங்க மாமா."

"இத்தனை மழையிலயும் நனையாம நிக்கறாங்க பாரு" என்றார். பிறகு ஈசிசேரில் சாய்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாப்பிள்ளை" என்றார்.

சென்னியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷச் சாம்பாரும் அப்போதுதான் அவனுக்கு ஜீரணமாயிற்று.

"சொல்லுங்க மாமா."

"ஜன்னல் நல்லாத்தான் வந்திருக்குது. ஆனா காத்து வரக் காணோம். கொஞ்சம் தொறந்து உடுங்க."

சென்னியப்பன் ஓடிப் போய் ஜன்னலின் மேல் மவுஸை வைத்து அமுக்கினான். திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. கோகிலவாணி கிட்டே போய் நிதானமாகப் படித்தாள்.

"என்னங்குது?"

"கூரையில இன்னும் ஓட்டையே போடலைங்குது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்குராஜ் தயக்கத்தோடு மாமனாரைப் பார்த்தான். அவர் அதற்குள் எழுந்து ஈசிசேரை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்.

"என்ன தம்பி பாத்துட்டு நிக்கறீங்க" என்றார், குடையை மறுபடி விரித்துக்கொண்டே. "மாப்பிள்ளை வேலைன்னா காரணமாத்தான் இருக்கும். ரம்பத்தை எடுத்துப் பக்கத்துல இன்னொண்ணு போடுங்க."